கொட்டாவி பாய் விழித்திருந்த பாடம்

சேர்வராயன் மலையில் அறிவியல் கற்பித்தவர்களைக் கொட்டாவி பாயைவிடக் கடுமையாக மதிப்பிட்ட தேர்வாளர் எவருமிலர். ஏற்காட்டில் எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கேன்டீனை நடத்தியவர் அவர். மாணவ ஆசிரியர்கள் வகுப்பெடுத்துப் பழகும் அறை பக்கத்திலேயே இருந்தது. கூட்டமில்லாத வேளையில் வந்து கடைசி பெஞ்சில் அமர்வார். பாடம் புரியாத நொடியில் கொட்டாவி விடுவார். தாடை கழன்றதோ என்று முன்வரிசை திரும்பிப் பார்க்கும். பிறகு அதுவும் கொட்டாவி விடும். ஒளிச்சேர்க்கை நடத்திய இளைஞர் ஒருவர் தாமே கொட்டாவி விட்டபடி வெளியேறியதற்கு நான் சாட்சி.

பாயை அனுமதிக்கலாகாது என்று முதல்வருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். என் விரிவுரையிலும் அவர் கொட்டாவி விட்டது அதற்குக் காரணமன்று. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் முதல்வரே கொட்டாவி விட்டார்.

பாய்க்குத் தீராத வழக்கொன்று இருந்தது. சேலத்துச் சிப்ஸ் பாக்கெட்டுகள் மலையேறியதும் பந்தாக உப்பிவிடும். கெட்ட சரக்கென்று மாலை பஸ்ஸில் திருப்பியனுப்புவார். அடிவாரம் சேர்வதற்குள் அவை இளைத்துவிடும்; ஏஜென்ட் போனில் ஏசிவிட்டு மீண்டும் மேலே அனுப்புவார். அந்தப் பாக்கெட்டுகள் பயணித்த தொலைவு நான் பயணித்ததில்லை. வளிமண்டல அழுத்தம் என்று சமன்பாடு எழுதி விளக்கினேன். கொட்டாவிதான் கிடைத்தது.

தலைச்சோலை எஸ்டேட் தொழிலாளியின் மகள் மலர்விழி, கற்பித்தல் தேர்வில் ஒருமுறை தவறியவள். மறுபடி தவறினால் காபி பறிக்க வந்துவிட வேண்டுமென்று தந்தை கூறியிருந்தார். தேர்வுக்கு முந்தைய நாள், வளிமண்டல அழுத்தம் குறித்து நான் திருத்திக் கொடுத்த பாடக்குறிப்பை ஒப்பித்தாள். இரண்டாம் வாக்கியத்தில் பாய் வாய் திறந்தார். அவள் அழுதுவிட்டாள்.

"அழுவாத கண்ணு," என்றவர் என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க சார், இந்தக் கொட்டாவி உங்களுக்குங்க."

மலர்விழி குறிப்பை மூடினாள். கேன்டீனுக்கு ஓடி, உப்பிய பாக்கெட் ஒன்றோடு திரும்பினாள்.

"பாய், நம்ம தலைக்கு மேல காத்து கெடக்குதுங்க. சேலத்துல நெறைய, இங்க கொஞ்சம் கொறச்சல். கீழ அது பாக்கெட்ட நல்லா அமுக்கிப் புடிக்குது. மேல வர வரப் புடி தளருதுங்க. உள்ள அடைச்ச காத்து விரியுது. பஸ்ல வரயில காது அடைக்கறதும் இதனாலதானுங்க."

பாயின் வாய் மூடியே இருந்தது.

"அப்ப சரக்கு கெடலையா கண்ணு?"

"கெடலீங்க."

"அந்த ஏஜென்ட நொம்பப் பேசிட்டனே," என்று போனை எடுத்தார்.

மறுநாள் வெளித்தேர்வாளர் முன்னிலையில் அவள் பாடக்குறிப்பின்றி, பாக்கெட்டோடு நின்றாள். தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டு, மாணவர்போல் கைதூக்கி இரண்டு ஐயம் கேட்டார். இன்று அவள் நாகலூர்ப் பக்கம் அறிவியல் ஆசிரியை.

அதன் பின்னர், ஓய்வு பெறும்வரை, புதிய பாடம் எதையும் கதவைச் சாத்திக்கொண்டு பாயிடம் நடத்திப் பார்த்த பிறகே வகுப்புக்குள் நுழைந்தேன். அவர் முதன்முதலாக என்னிடம் "மேல சொல்லுங்க சார்" என்ற மாலையில், பஸ்ஸை விட்டுவிட்டு, எவரும் பார்க்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, பாடியபடியே வீட்டுக்கு நடந்தேன்.