நெஞ்சு அண்ணனும் ஒற்றை முட்டையும்

நெஞ்சு அண்ணனைப் போல இன்னொருவர் இருந்தால் பினாங்குத் தீவு தாங்காது, கடலில் மூழ்கிவிடும். அவர் எனக்குக் கொடுத்த அதிர்ச்சிகளுக்கு என் ரத்தக் கொதிப்பு மாத்திரைகளே சாட்சி.

சூலியா தெருவின் பின்சந்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். மாடியில் நான் வேலை பார்க்கும் டிராவல் ஆபீஸ். ஒருமுறை விசா படத்துக்காக நானே கீழே போனேன். படம் எடுக்கும் ஸ்டூலில் ஒரு சேவல் நின்றிருந்தது! புறா அளவுதான் இருக்கும். செரமா என்று அழகுக்காகவே வளர்க்கிற குட்டை ஜாதி. நெஞ்சைத் தூக்கிய தூக்கில் அதன் தலை முதுகுப் பக்கம் போயிருந்தது. பேபி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிய சேவலை, தலைமுடி காயவைக்கும் மெஷினால் காயவைத்துக்கொண்டிருந்தார் அண்ணன்.

"அண்ணே, எனக்கு ஒரு படம்..."

"இருங்கக்கா. இவருக்கு ஞாயித்துக்கிழமை போட்டி லா. நீங்க சும்மா இந்தியாதானே போறீங்க?"

சேவலை இறக்கிவிட்டு, அதே ஸ்டூலில் என்னை உட்காரவைத்தார். "நெஞ்சத் தூக்குங்க! இன்னும்! தலைய பின்னால இழுங்க! ஆங், சாம்பியன்!"

படத்தில் எனக்குக் கழுத்தே இல்லை. அவரிடம் போன அத்தனை பேருக்கும் இதே கதிதான். "உங்க கஸ்டமருக்கு எல்லாம் முதுகுல என்ன கோளாறு?" என்று விசா ஆபீஸிலிருந்தே போன் வந்தது. அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான்.

அண்ணனின் மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஜெசிந்தா. ஒரு கையில் கோழிக்குஞ்சு, மறு கையில் சீப்பு என்று அவளுக்குச் சடை பின்னி வளர்த்தவர் அவர். போன வருஷம் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நிபோங் திபால் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். சம்பந்தி மலை மாதிரி ஆள், யாரைக் கண்டாலும் கட்டிப்பிடித்துவிடுவார்.

கல்யாணத்தன்று காலை அண்ணனை அழைத்துப் போக வந்தேன். தெருவைத் தோண்டியதில் கரண்டு இல்லை. இருட்டு ஸ்டூடியோவில் கோட்டும் டையுமாக, நெஞ்சைப் பிடித்தபடி நின்றார்.

"ஐயோ மாதாவே! நெஞ்சு வலியா?"

"உஷ். முட்டை."

கோட்டை விலக்கிக் காட்டினார். பனியனுக்குள் ஒரு துணிப் பை, அதற்குள் சுண்டைக்காய்க்கு அண்ணன் மாதிரி ஒரு முட்டை.

"மக கல்யாணத்துக்கு முட்டையோடவா போவீங்க? உங்களுக்கென்ன பைத்தியமா?"

"மகாராணிக் கோழி போட்ட கடைசி முட்டைக்கா. அது போய்ச் சேந்துருச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். குஞ்சு பொரிக்கிற மெஷின் நின்னுபோச்சு. ஓட்டுல கீறல் விழுந்துருச்சு, இன்னிக்கு வந்துரும். சூடு போனா செத்துரும் லா."

"சரி, என்கிட்ட குடுங்க."

"நீங்க ரொம்பப் பதறுவீங்க."

மாதா கோயில் வாசலில் சம்பந்தி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். அண்ணன் துள்ளித் தூணுக்குப் பின்னால் போனார். அவர் அந்தப் பக்கம் வந்தால் இவர் இந்தப் பக்கம். கடைசியில் என்னைப் பிடித்து நடுவில் தள்ளிவிட்டார். சம்பந்தியின் அணைப்பு முழுதும் என்மேல் விழுந்தது. விலா எலும்பு இன்றும் அதைச் சொல்லும்.

சம்பந்தியின் முகம் கறுத்துவிட்டது. "ஏன் சார், தோட்டத்துக்காரன்னா தொடக்கூடாதா? இவ்ளோ எளக்காரமா? டேய், மாப்பிள்ளைய கூப்புடு. எல்லாரும் காடியில ஏறுங்க, வண்டிய வீட்டுக்குத் திருப்பு!"

எனக்கு உயிரே போய்விட்டது. உண்மையைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? அண்ணன் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுகணம் சத்தம் வந்தது, நெஞ்சிலிருந்து.

"கீச்."

கூட்டம் அப்படியே நின்றது. காரிலிருந்து இறங்கி வந்த ஜெசிந்தா, பூச்செண்டை என் கையில் திணித்துவிட்டு அப்பாவின் கோட்டுப் பித்தானைக் கழற்றினாள். அவளுக்குக் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"வந்துருச்சா பப்பா?"

"மூக்கு தெரியுது பாப்பா."

சம்பந்தி குனிந்து பார்த்தார். ஓட்டின் விரிசலில் கடுகளவு மூக்கு. நான் ஜெபமாலையை இறுகப் பிடித்தேன். மனிதர் சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் பறந்தன. "அட, இதுக்கா என்னைத் தூணச் சுத்த வெச்சீங்க! சொல்லக் கூடாதா சம்பந்தி? மெதுவா நடங்க, மெதுவா!"

ஒரு கை மகளுக்கு, ஒரு கை முட்டைக்கு என்று அண்ணன் பீடம் வரை நடந்தார். ஜெசிந்தா "சம்மதம்" என்றதும் நெஞ்சுக்குள்ளிருந்தும் ஒரு "கீச்". சாமியாரே இருமிச் சமாளித்தார்.

விருந்து முடிவதற்குள் குஞ்சு பொரிந்துவிட்டது. அன்று எடுத்த குடும்பப் படம் என் மேசையில் இருக்கிறது. எல்லோரும் சிரிக்க, அண்ணன் மட்டும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கதை கேட்டவர்கள் படத்தைப் பார்த்து, "குஞ்ச விடமாட்டாரு போல" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். உற்றுப் பார்த்தால் தெரியும், அந்த நேரம் குஞ்சு மகளின் உள்ளங்கையில் இருக்கிறது. அண்ணன் பிடித்துக்கொண்டு நிற்பது வெறும் நெஞ்சைத்தான்.