புலி கரைத்த குழம்பு

கையில் காசு இருந்தும் பொருள் வாங்க முடியாமல் பெங்களூர் ஸ்ரீராம்புரமே தலைகுனிந்து நின்ற இடம் ஒன்று உண்டென்றால், அது எங்கள் பள்ளிக்கூட வாசலில் புளியக்கா விரித்திருந்த கோணிப்பைதான்.

புளியும் நெல்லிக்காயும் விற்கிற கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். 'ல'வையும் 'ள'வையும் குழப்பினால் மட்டும் வியாபாரம் கிடையாது. "அக்கா, புலி குடுங்க" என்றால், "பன்னேர்கட்டாவுக்கு பஸ் ஏறு, அங்க கூண்டுல இருக்கு" என்பார். "நாலைக்கு வரீங்களா?" என்று கேட்டவரிடம், "நாலு மணிக்கா, நாளைக்கா? சரியா கேளுப்பா" என்றார். சாவியைத் தொலைத்த ஒருவர், கல்லச் சாவி போட ஆள் இருக்கா என்று விசாரித்தார். "கல்லுல சாவி செஞ்சா ஒடஞ்சிடாதா?" என்று புளியக்கா கவலையோடு கேட்க, அந்த மனிதர் பூட்டை மறந்து தன் நாக்கைப் பற்றி யோசித்தபடியே போனார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பள்ளியில்தான் நான் தமிழ் டீச்சராகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் என் கையில் பிழை திருத்தப்படாமல் அச்சுக்குப் போனதில்லை. எழுத்துப்பிழை என்றாலே எனக்கு ஆகாது.

முதல் சொல்வதெழுதுதலில், "அம்மா குழம்பில் புளி கரைத்தாள்" என்றேன். ஐந்தாம் வகுப்பு மஞ்சுளா எழுதியது: "அம்மா குலம்பில் புலி கரைத்தால்." தன் பெயரையும் மஞ்சுலா என்றே எழுதியிருந்தாள். முட்டை போட்டேன்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். "அரப்பரீட்சையிலயும் முட்ட வாங்கினா, என்கூட ஊதுவத்தி உருட்ட ஒக்கார வெச்சிடுவேன் மிஸ். எழுத வராதவளுக்கு எதுக்கு ஸ்கூலு?"

மஞ்சுளாவை அந்த வாக்கியத்தை இருபது முறை எழுதச் சொன்னேன். இருபது புலிகள் வந்தன. "ஏண்டி இப்படி?" என்றேன்.

"நீங்க புலின்னுதான மிஸ் சொல்றீங்க" என்றாள். என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வாசலில் கால் கிலோ புளி கேட்டேன். அதாவது, புளிதான் கேட்டதாக நினைத்தேன்.

"கட்டிப் போட சங்கிலி கொண்டாந்தீங்களா, டீச்சரம்மா?" என்றார் புளியக்கா.

பின்னால் குபீரென்று ஒரு சிரிப்பு. மஞ்சுளா. என் மானம் கோணிப்பையில் நெல்லிக்காயோடு உருண்டது. பிறகுதான் உறைத்தது: வித்தியாசம் தெரியாதவள் எப்படிச் சிரிப்பாள்?

"புலிக்குக் கன்னடத்துல என்னடி?"

"ஹுலி, மிஸ்."

"புளிப்புக்கு?"

"ஹுளி." தெருவில் கன்னடம் பேசி விளையாடும் அவள் நாக்கு தானாக மடிந்தது. என் நாக்குதான் மடியவில்லை. எழுத்துகளைக் கண்ணால் மனப்பாடம் செய்து தேறியவள் நான். என் வாயில் எல்லாமே 'ல'தான்.

மறுநாளிலிருந்து எங்கள் தமிழ் வகுப்பு கன்னடத்தில் ஆரம்பித்தது. இலையா, இளையா? கன்னடத்தில் எலெ, அப்படியானால் இலை. நாலையா, நாளையா? நாளெ, அப்படியானால் நாளை. ஹெட்மிஸ்ட்ரஸ் எட்டிப் பார்த்து, "இது தமிழ் பீரியடுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மணி அடித்ததும் புளியக்காவிடம் வாய்மொழித் தேர்வு. தேறினால் ஒரு நெல்லிக்காய். முதல் வாரம் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் அந்தப் பழைய வாக்கியத்தையும் சேர்த்தேன். மஞ்சுளா தன் பெயரைச் சரியாகப் போட்டுவிட்டு எழுதியிருந்தாள்: "அம்மா குளம்பில் புளி கரைத்தாள்." புலி ஓடிவிட்டது; குளம்பு மட்டும் மிச்சம். பத்துக்கு ஏழு மார்க். அவள் அம்மா அதை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்போ யூனிபாரம் ஒரு சைஸ் பெருசா எடுத்துடட்டுமா மிஸ்?" என்றார்.

மிச்சமிருந்த 'ழ'வுக்கு வழி கேட்டுப் புளியக்காவிடம் போனேன்.

"அந்த அட்சரம் எங்க கன்னடத்துல இல்ல. அத நீங்களே பாத்துக்கங்க, கயல்விளி டீச்சர்."

என் பெயர் கயல்விழி. ஸ்ரீராம்புரத்து நாக்குகளையெல்லாம் திருத்திய அந்த அம்மாவை நான் ஒருநாளும் திருத்தவில்லை. அங்கே வேலை பார்த்த வருஷமெல்லாம், அந்த வாசலில் மட்டும், கயல்விளியாகவே இருந்துவிட்டேன்.