ஒரகடத்தில் ஒரு மன்னிப்பு விழா

ஒரகடத்தில் கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்யும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று, இந்தியாவை ஆண்டதற்காக மன்னிப்புக் கேட்பதென்று தீர்மானித்தது. லண்டனில் இப்போது அதுதான் நாகரிகம். பக்கத்துக் கம்பெனிக்காரன் முந்திக்கொண்டு மரம் நட்டுவிட்டதால் வேறு வழியும் இல்லை.

பொறுப்பு எச்.ஆர். மேனேஜர் ஜெகதீஷ் தலையில் விழுந்தது. வாலாஜாபாத் பக்கத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை. நல்லபடியாக முடித்தால் பதவி உயர்வு என்று ஜாடை காட்டியிருந்தார்கள். உற்பத்தி கெடக்கூடாதல்லவா, அதனால் இருநூறு வருஷ அடிமை வாழ்வுக்கு டீ டைம் ஒதுக்கப்பட்டது. கான்ட்ராக்ட் ஆட்களின் முன்னோர் பட்ட பாட்டுக்குக் கான்ட்ராக்டரே பொறுப்பு என்றும் முடிவாயிற்று.

மன்னிப்புக் கேட்க வேண்டிய கம்பெனித் தலைவர் ஹாரிஸ் துரைதான் மிரண்டார்.

“ஜெகதீஷ், என் தாத்தா மீன் விற்றவர். இந்தியாவை மேப்பில்கூடப் பார்த்ததில்லை.”

“யார் செஞ்சதுங்கிறது கேள்வியே இல்லை சார்,” என்றார் ஜெகதீஷ், தன் பேச்சில் தானே சொக்கிப்போய். “அந்தச் சொகுசுல வளர்ந்தீங்களா இல்லையா? பாட்டன் சொத்து வேணும், பாட்டன் பழி வேணாமா?”

ஹாரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேன்டீன் மேடையில், இந்தியாவின் சார்பில் நின்ற லைன் ஆபரேட்டர் அப்பாவு முன்னால் குனிந்து மன்னிப்பும் கேட்டார்.

“பரவால்ல வுடு சார், நீ இன்னா பண்ணுவ,” என்று அப்பாவு பெருந்தன்மையாகச் சொல்ல, கைதட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது.

ஆனால் அப்பாவு மைக்கைத் திருப்பித் தரவில்லை.

“அப்டியே நம்ம ஜெகதீஷ் சாரும் ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லாருக்கும்,” என்றான் அப்பாவு. “சாரும் நானும் ஒரே ஊருதான். சாரோட தாத்தா தெருவுல எங்க தாத்தா செருப்பக் கையில எடுத்துகினுதான் நடப்பாரு. தாகம்னா கொட்டாங்குச்சியிலதான் தண்ணி.”

ஜெகதீஷ் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். மைசூர்பாகு மென்ற வாய்களெல்லாம் நின்றுபோயின.

“அது அந்தக் காலம்பா! நான் பொறக்கவே இல்லையே. எதுக்குப் பழசைக் கிளறிக்கிட்டு? இங்க எல்லாரும் ஒரே குடும்பம்.”

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் ஹாரிஸ்.

“மைசூர்பாகு பிரமாதமாம் சார்.”

அப்பாவு சிரித்துக்கொண்டே இறங்கி வெளியே போனான். விட்டால் வெளியே போய் இன்னும் என்னென்ன சொல்லி வைப்பானோ என்று ஜெகதீஷ் பின்னாலேயே ஓடினார்.

வாசலில் ரஞ்சன் நின்றிருந்தான். ஒடிசாப் பையன், கான்ட்ராக்ட் ஆள். விழாவுக்குள் அவனை விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறான்.

“அண்ணா, எனக்கும் சொல்லு,” என்றான் அவன், தெரிந்த தமிழில். “நேத்து பஸ்ல ‘டேய் வடக்கா, எழுந்துரு’ சொன்னே. என் சீட் புடுங்கினே. தாத்தா இல்ல, நீதான்.”

அப்பாவுவின் சிரிப்பு நின்றது. ஒரு நொடி ரஞ்சனைப் பார்த்தான், பிறகு தரையை.

“அது வேற, இது வேற,” என்றான்.

“கரெக்ட்! அது வேற, இது வேற,” என்றார் ஜெகதீஷ். அவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சொல்லிக்கொண்டே அப்பாவுவின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். ஜெகதீஷ் குடும்பத்தில் ஒருவர் அப்பாவு குடும்பத்தில் ஒருவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.