தேங்காய் எண்ணெய் போட்ட கிளட்ச்

மக்களே, கையில் ஸ்பானர் இருக்கும் ஆம்பிளை “இது எனக்குத் தெரியாது” என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், பழவங்காடி முக்கில், பட்டப்பகலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாயச அகப்பையை வீசியபடி ஒரு ஜீப்புக்கு முன்னால் ஓடியிருக்க மாட்டேன்.

இந்தக் கதையை அம்மா உங்களுக்குப் பல தடவை சொல்லியாயிற்று. அவள் சொல்லச் சொல்ல நான் ஓடும் வேகம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. (போன ஓணத்துக்கு நான் பறந்தேவிட்டேன்.) அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

அம்மா அப்போதுதான் சமையல் ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருந்தாள். பெரிய வெண்கல உருளிகளைக் கொண்டுபோக நம்மிடம் இருந்தது அந்தப் பழைய ஜீப். அதன் கிளட்ச் ஒரு கேபிளில் ஓடியது. அதை மிதிப்பது அம்மிக்கல்லைக் காலால் நகர்த்துவது மாதிரி. வண்டி ஓட்டுவது அம்மா, அவளுக்கோ இடது முழங்காலில் வலி. இந்த நிலையில் பெட்ரோல் எஞ்சினும் உயிரை விட்டது.

வலியசாலையில் நம் வீட்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த சுரேந்திரன்தான் ஒரு டீசல் எஞ்சின் பிடித்துக் கொடுத்தார். (ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுமதியோடுதான். நீங்களும் அப்படித்தான் செய்யவேண்டும்.) எஞ்சின் உள்ளே உட்கார்ந்தது. ஆனால் கிளட்ச் கேபிள் போகவேண்டிய வழியில் அதன் புகைக்குழாய் வந்து நின்றுகொண்டது.

“கேபிள் வேண்டா அண்ணாச்சி, ஹைட்ராலிக் ஆக்காம்,” என்றார் சுரேந்திரன், தன் மலையாளத்தில். (மாற்றிவிடலாம் என்கிறார்.)

ஹைட்ராலிக் என்றால் பயப்பட வேண்டாம். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, ஒன்றை அமுக்கினால் மற்றது வெளியே வரும் அல்லவா? அதேதான். பெடலுக்குப் பின்னால் ஒரு சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சிலிண்டர், நடுவில் குழாய், உள்ளே பிரேக் ஃப்ளூயிட்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து அறிவித்தேன்: “ஏட்டி செல்வி, இனி நீ பெருவிரலால கிளட்ச் அமுக்கலாம்!”

“அமுக்கும்போ பாப்போம்,” என்றாள் அம்மா, தேங்காய் திருவிக்கொண்டே.

சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர்களை மாட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். “பிரேக் ஃப்ளூயிட் தொட்டு மாட்டணும், கேட்டோ,” என்று சொல்லிவிட்டு சுரேந்திரன் சாயா குடிக்கப் போனார். எனக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் தொழில். இறுகிய எதற்கும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டே பழகிய கை. ரப்பர் உள்ளே போக அடம்பிடித்தது. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் குப்பியை எடுத்தேன். ஒரு சொட்டா? தலைக்கு வைப்பது போல் தாராளமாகவே தடவினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. சாயா குடித்து வந்தவர், “கொள்ளாமே!” என்று என்னைப் பாராட்டவும் செய்தார். எதனால் கொள்ளாம் என்று நான் சொல்லவில்லை. தொழில் ரகசியம்!

நாலைந்து நாள் கிளட்ச் வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

வந்தது ஞாயிற்றுக்கிழமை. கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு மண்டபத்தில் அம்மாவின் முதல் கல்யாணச் சாப்பாடு. பந்திக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்றால் இந்த ஊரில் இனி ஒருத்தரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். பின்னால் சாம்பார், அவியல், பாயசத்துக்கு அடைப்பிரதமன். மூடிகளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். வண்டியை அவள்தான் ஓட்டினாள். அகப்பைகளோடு நான் பக்கத்தில்.

பழவங்காடியை நெருங்கும்போது, “என்னங்க, பெடல் ஒட்டுது,” என்றாள்.

“புதுசுல்லா. போகப் போகச் சரியாவும்.”

போகப் போகப் பெடல் ஒரேயடியாகக் கீழே போய்ப் படுத்துவிட்டது. ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி, நடு முக்கில் நின்றது. பின்னால் ஹாரன்கள். முக்கிலுள்ள பிள்ளையார் கோயிலில் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம். ஒவ்வொரு தேங்காயும் என் மண்டையிலேயே உடைவது மாதிரி இருந்தது.

“ஆட்டோ பிடிப்போமா?”

“இந்த உருளி எந்த ஆட்டோவுல ஏறும்? எறங்குங்க,” என்றாள் அம்மா.

“எறங்கி?”

“முன்னால ஓடுங்க! எங்க அண்ணன் லாரியில கிளட்ச் போனா ஃபஸ்ட் கியர்ல போட்டுச் சாவியத் திருப்புவான். வண்டி துள்ளிக் கெளம்பிரும். ஆனா நிறுத்தினா எஞ்சின் நின்னுரும். பேட்டரி எத்தன தடவ தாங்கும்னு தெரியாது. எனக்கு வழி வேணும்!”

அவசரத்தில் கையில் இருந்த அகப்பையோடே குதித்தேன். அம்மா சாவியைத் திருப்பினாள். ஜீப் கன்றுக்குட்டி மாதிரி இரண்டு துள்ளு துள்ளி உயிர்பெற்று, மனிதன் நடக்கும் வேகத்தில் நகர்ந்தது.

“மாறணே! ஒதுங்கணே! மாறணே!”

தேங்காய் வாங்க வந்தவர்கள் ஒதுங்கினார்கள். பஸ் ஒன்று ஒதுங்கியது. போக்குவரத்துப் போலீஸ்காரர் என் அகப்பையையும் பின்னால் உருளிகளிலிருந்து எழும் ஆவியையும் பார்த்து, “எழுந்நள்ளத்தாணோ சேட்டா?” என்றார். (சாமி ஊர்வலமா என்று கேட்கிறார்!)

“கல்யாணச் சாப்பாடு சாரே! நிறுத்தினா போச்சு!”

அந்த மனிதர் இரண்டு கையையும் விரித்து முக்கு முழுவதையும் எங்களுக்காக நிறுத்தினார். மந்திரிக்கு நிறுத்துவது போல! அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, நேராகப் பார்த்தபடி, ஒருமுறைகூட நிற்காமல் போனாள். அவளுக்கு முன்னால் நான், அகப்பையோடு. (ஓடினேன் என்பது உண்மை. பறக்கவில்லை.)

மண்டப வாசலில் பிரேக்கை மிதித்தாள். ஜீப் ஒரு உதறு உதறி நின்றது. உள்ளே அப்போதுதான் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரதமன் ஒரே ஒரு துளி சிந்தியிருந்தது, அதுவும் அகப்பையிலிருந்து என் வேட்டியில். பந்தியில் மூன்றாம் தடவை பிரதமன் கேட்ட மாப்பிள்ளையின் பெரியப்பா, அடுத்த மாதம் தன் மகள் நிச்சயத்துக்கு அங்கேயே அம்மாவைச் சமையலுக்குப் பேசி முடித்துவிட்டார்.

மறுநாள் சுரேந்திரன் சிலிண்டரைத் திறந்தார். ரப்பர் உளுந்து வடை மாதிரி ஊதிக் கிழிந்து கிடந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“அண்ணாச்சி, இது கிளட்சா, பப்படம் பொரிக்கிற சட்டியா?”

பிரேக் ஃப்ளூயிடுக்கான அந்த ரப்பர் எந்த எண்ணெய் பட்டாலும் ஊதிவிடுமாம். எல்லாவற்றையும் கழுவி, குழாயையும் ரப்பர்களையும் புதிதாகப் போட்டு, காற்றை வெளியேற்றி முடித்தார். அம்மா ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். பெருவிரலால் மட்டும் அமுக்கினாள். பெடல் பூ மாதிரி இறங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வாக்கு பலித்துவிட்டது, மக்களே!

அடுத்த வாரமே மலையடிவாரத்துக் கல்லாற்றில் சாயா குடித்துவிட்டுப் பொன்முடி மலை வளைவுகள் அத்தனையிலும் அவளே ஓட்டி ஏறினாள். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை இல்லை.

அதே கிளட்ச்தான் இன்றைக்கும் ஓடுகிறது. வீட்டில் ஜன்னல் இறுகினாலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், “அப்பா, ஒரு சொட்டு விடட்டுமா?” என்று நீங்கள் கேட்பது இதனால்தான். ஜீப்பில் ஸ்டெப்னியை மறந்தாலும், என் சீட்டுக்கு அடியில் அந்த அகப்பையை வைக்க அம்மா மறப்பதில்லை. போன வாரம் நான் அதை எடுத்து வீட்டுக்குள் வைக்கப் போனேன்.

“அது அங்கேயே கெடக்கட்டும்,” என்றாள். “நீங்க வேற எதுலயாவது கை வச்சிருப்பீங்க.”