ஏழாயிரம் டொலர் கழிவு

அமெரிக்காவுக்கு நான் ஒரு முறைகூடப் போனதில்லை. ஆனாலும் அந்த நாட்டின் ஐம்பது மாநிலங்களையும் ஒரு மாதம் வரிவரியாக ஒப்பிட்டு, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த என் மகள் போய்க் குடியேற உகந்த மாநிலம் எதுவென்று கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மகள் தாரணி நோர்வேயின் மேற்குக் கரையில், ஸ்தவாங்கர் நகரில் பொறியியலாளர். அவளுடைய கொம்பனி அவளை இரண்டு வருடத்துக்கு அமெரிக்கா அனுப்ப விரும்பியது. அங்கே அவர்களுக்கு இரண்டு கந்தோர்கள்: டெக்சாஸில் எண்ணெய்க்கு ஒன்று, மாசசூசெட்ஸில் கடல் காற்றாலைகளுக்கு ஒன்று. எது வேண்டுமென்று ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. பிள்ளை அங்கேதான் பிறக்கும். (இரண்டு மாநிலத்துக்கு ஐம்பதை ஏன் ஒப்பிட்டாய் என்று கேட்பீர்கள். நான் ஒஸ்லோவில் ஒரு நூலகத்தில் இருபத்தாறு வருடமாகப் புத்தகம் அடுக்குகிறவன். இரண்டு புத்தகத்தை யாரும் அடுக்கலாம்.)

ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோர்வேயில் பிள்ளை பிறந்தால் சம்பளத்தோடு லீவு. பார்னஹாகே என்கிற பாலர் பாடசாலைக்கு எங்கள் தொடர்மாடியிலிருந்து போனாலும் பணக்காரர் வீட்டிலிருந்து போனாலும் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு. அங்கேயோ ஓர் ஆற்றைக் கடந்தால் வரி மாறுகிறது, லீவு மாறுகிறது, வாடகை இரண்டு மடங்காகிறது. கன்சாஸ் சிற்றி என்ற நகரத்துக்கு கன்சாஸ் மாநிலச் சட்டப்படி ஒரு மாலை முழுவதும் செலவுகளைப் பதிந்தேன். அந்தப் பெயருள்ள பெரிய நகரம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறதாம். ஓரிடத்தில் மெடிகேர் என்றும் இன்னோரிடத்தில் மெடிகெய்ட் என்றும் எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழை என்று இரக்கப்பட்டு, எல்லாவற்றையும் மெடிகேர் என்று திருத்தினேன். (ஒன்று முதியவர்களுக்கு, மற்றது வருமானம் குறைந்தவர்களுக்கு என்பது பின்னர் தெரிந்தது.)

டெக்சாஸில் சம்பளத்தோடு பிள்ளைப்பேற்று லீவு தர மாநிலத் திட்டம் என்னவென்று தேடினேன். ஒன்றும் இல்லை. பக்கம் முழுதாக இறங்கவில்லையாக்கும் என்று மூன்று தரம் புதுப்பித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ‘பின்னர் நிரப்புக’ என்று எழுதினேன்.

அலாஸ்காவில் எண்ணெய்ப் பணத்திலிருந்து குடிமக்களுக்கு வருடாவருடம் காசு கொடுக்கிறார்கள் என்று கண்டபோது எழுந்து நின்றுவிட்டேன்.

“இஞ்சேருங்கோ, அங்கை அவளின்ரை கொம்பனிக்குக் கந்தோர் இருக்கே?” என்றாள் மனைவி.

“இல்லை. ஆனால்...”

“பனியிலையிருந்து பனிக்குப் போறதுக்கு என்னத்துக்குப் பிளேன்?”

அலாஸ்காவை மனமில்லாமல் விட்டேன்.

என்னை வீழ்த்தியது காப்புறுதி. இரண்டு கந்தோர்களினதும் மருத்துவக் காப்புறுதித் தாள்களைத் தாரணி அனுப்பியிருந்தாள். இரண்டிலும் ‘டிடக்டிபிள்’ என்றொரு சொல், எதிரே ஒரு தொகை. டெக்சாஸுக்கு ஏழாயிரம் டொலர். மாசசூசெட்ஸுக்கு ஆயிரம். எனக்குச் சொல் விளங்கியது என்பதுதான் பிரச்சினை. டிடக்ட் என்றால் கழித்தல். எங்கள் நோர்வேஜிய வரிப் பத்திரத்தில் ஃப்ராட்ராக் என்று ஒரு பகுதி உண்டு. அது கூடக்கூட வரி குறையும். தமிழில் கழிவு. யாழ்ப்பாணத்துப் புடவைக்கடையில் ‘கழிவு விலை’ என்று பலகை தொங்கினால் சனம் முட்டிமோதும். டெக்சாஸ்காரர் ஏழாயிரம் டொலர் கழிவு தருகிறார்கள். பாவம் மாசசூசெட்ஸ், கையை இறுக்கிப் பிடித்த மாநிலம்.

அட்டவணைக்குத் தமிழில்தான் தலைப்பிட்டேன். (தமிழ்ப்பற்று.) கழிவு கூடியது மேலே, குறைந்தது கீழே. டெக்சாஸுக்கு மாநில வருமான வரியும் இல்லை, வாடகையும் குறைவு. அது முதலாம் இடத்தில் நிமிர்ந்து நின்றது; மாசசூசெட்ஸ் அடியில் கடைசியாகக் கிடந்தது.

வியாழக்கிழமை மகளை அழைத்தேன்.

“டெக்சாஸ்தான் பிள்ளை. ஆஸ்பத்திரிச் செலவிலை ஏழாயிரம் கழிவு.”

“கழிவெண்டா? ரபத்தா அப்பா?”

ரபத் என்றால் நோர்வேஜியத்தில் தள்ளுபடி.

“ஓம், ரபத்துத்தான்.”

“வடிவாப் பாத்தனீங்களா? எனக்கு வேலை தலைக்கு மேலை, அந்தத் தாளைத் திறக்கக்கூட நேரமில்லை. எனக்கு உண்மையாப் பயமா இருக்கு அப்பா. அங்கை ஏதும் நடந்தா ஆரிட்டைப் போறது?”

“ஒரு மாதம் பாத்தனான்,” என்றேன். அது மட்டும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை தாரணியும் மருமகன் கஜனும் விமானம் ஏறி எங்களிடம் சாப்பிட வந்தார்கள். கஜனின் அம்மாவையும் அழைத்திருந்தோம். ஆட்டிறைச்சிக் கறிக்கும் பாயசத்துக்கும் இடையில் அட்டவணையைத் தொலைக்காட்சியில் ஏற்றினேன். கைதட்ட இன்னும் ஓர் ஆள் இருந்தால் நல்லதென்று, ஒஹையோவில் பதினெட்டு வருடமாக இருக்கும் மனைவியின் தம்பி யோகனையும் வீடியோவில் கூப்பிட்டேன். அவனுக்கு அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். தேநீர்க் கோப்பையோடு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

“அத்தான், உந்த ‘கழிவு’ எண்ட வரி என்ன?”

“காப்புறுதிக்காரர் தாற கழிவு.”

“இங்கிலீசிலை என்ன போட்டிருக்கு?”

“டிடக்டிபிள்.”

யோகன் தேநீரைக் கீழே வைத்தான்.

“அத்தான், உது அவங்கள் தாறதில்லை. நீங்கள் குடுக்கிறது. முதல் ஏழாயிரத்தையும் நீங்கள் கையாலை கட்டவேணும். பிறகுதான் அவங்கள் தலையைத் தூக்கிப் பாப்பாங்கள்.”

“அப்ப... கூடினா?”

“கூடினா உங்களுக்குக் கூடாது.”

நான் தாரணியைப் பார்த்தேன். அவள் கரண்டியைப் பாயசத்துக்குள்ளேயே விட்டுவிட்டு, கையை வயிற்றில் வைத்திருந்தாள்.

“அப்பா, நான் வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டன்.”

“எதை?”

“டெக்சாஸ் எண்டு.”

தொலைக்காட்சியில் என் அட்டவணை அகலமாக, பச்சை நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கஜன்தான் எழுந்து போய் அருகில் நின்று வாசித்தான்.

“மாமா, லீவு எண்ட கட்டத்திலை ‘பின்னர் நிரப்புக’ எண்டு கிடக்கு.”

“அது... பக்கம் இறங்கேல்லை.”

“இறங்கினதுதான் அத்தான்,” என்றான் யோகன் ஒஹையோவிலிருந்து. “அங்கை அவ்வளவுதான்.”

கஜனின் அம்மா, அதிகம் கதைக்காதவர், திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: “கழிவெண்டா குப்பை எண்டும் சொல்லுறது தானே?”

திங்கள் காலையில் தாரணி, தவறுதலாக எழுதிவிட்டேன், மாசசூசெட்ஸ்தான் வேண்டும் என்று கொம்பனிக்கு மன்னிப்போடு மின்னஞ்சல் போட்டாள். பதில் வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் நூலகத்தில் சமையல் புத்தகங்களைச் சட்டப் புத்தகங்களோடு அடுக்கினேன். வீட்டில் மனைவி என்னோடு கதைக்கவில்லை; சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தத்தில் எல்லாம் இருந்தது. வியாழன் மாலை மகளிடமிருந்து ஒரே ஒரு வரி: ‘மாத்திட்டினம்.’ நான் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

பேத்தி மாசசூசெட்ஸில் பிறந்தாள். தாரணிக்கு மாநிலத் திட்டத்தில் சம்பளத்தோடு லீவும் கிடைத்தது. வாடகை மட்டும் பயங்கரம்; அதை என் அட்டவணை சரியாகவே சொல்லியிருந்தது, யாரும் பாராட்டவில்லை. அன்றிலிருந்து கடையில் சிவப்பு மட்டையில் எந்தத் தள்ளுபடியைக் கண்டாலும் மனைவி என் பக்கம் திரும்பி, “இது அவங்கள் தாறதோ, நாங்கள் குடுக்கிறதோ?” என்று கேட்பாள். காசு வாங்கும் நோர்வேஜியப் பெட்டை ஒன்றும் புரியாமல் சிரிக்கும்.

அவர்கள் திரும்பி வந்த பிறகு, பேத்தியின் பிறந்தநாளுக்கு எல்லாரும் கூடியிருந்தோம். கஜனின் அம்மா ஒன்றும் தெரியாதவர்போலத் தாரணியிடம் கேட்டார், அந்த அந்தரத்திலும் எப்படி அவ்வளவு சரியான இடத்தைப் பிடித்தாய் என்று.

தாரணி கேக் வெட்டிக்கொண்டே சொன்னாள்: “அப்பாவின்ரை அட்டவணை திறம் மாமி. கீழையிருந்து மேலை வாசிச்சனான்.”