முணுமுணுக்கும் காடும் முறம் போன்ற காதும்

ஒரு காட்டில் ஒரு வாகை மரம் இருந்தது. அந்த மரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சிங்கம் எங்கே, நரி எங்கே என்று தேடாதீர்கள். சிங்கம் நீண்ட விடுப்பில் இருக்கிறது. நரி வேறு துறைக்கு மாற்றலாகிப் போய்விட்டது. நம் கதை அந்த அறிவிப்பைப் பற்றியது.

"செவி மற்றும் சமநிலை ஆராய்ச்சி நல்கை. காது கேட்பதைப் பற்றியும், தலை சுற்றாமல் நிற்பதைப் பற்றியும் ஆராய்பவர்களுக்கும், செவியியல் படிக்கும் மாணவ விலங்குகளுக்கும் நிதி வழங்கப்படும். படிவம் மூன்று பிரதிகள். வால் உள்ளவர்கள் வால் சான்றிதழ் இணைக்க வேண்டும்."

வால் சான்றிதழ் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லாம் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அறிவிப்பைப் படித்ததும் ஒரு மந்தி அங்கேயே நின்று அதை இன்னொரு தடவை படித்தாள். அவள் பெயர் சுகிர்தா. செவியியல் கடைசி வருஷம் படிக்கிறாள். படிப்பில் சூட்டிகை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், அது அவள் தப்பும் இல்லை. காதைச் சோதிக்கும்போது, சோதிக்கிறவர் தன் வாயை மறைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். இல்லாவிட்டால் எதிரே இருக்கிறவர் உதட்டைப் பார்த்தே சொல்லைப் பிடித்துவிடுவார். காது கேட்டதா, கண் கேட்டதா என்று தெரியாமல் போய்விடும். நாலு வருஷம் இப்படியே பழகி, இப்போது கடையில் வாழைப்பழம் கேட்டால்கூடச் சுகிர்தா வாய்க்கு முன்னால் ஒரு கோப்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். கடைக்கார முள்ளம்பன்றிக்கு அதில் பெரிய வருத்தம், வாய் நாற்றம் என்று தன்னைச் சொல்கிறாளோ என்று.

சரி, அவளுக்கு நிதி எதற்கு? அதைச் சொல்கிறேன்.

சித்திரையில் அவர்கள் கூட்டத்துக் குட்டிகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, தலைச்சுற்றல் போகவில்லை. பதினோரு குட்டிகள், கிளையில் உட்கார்ந்தால் சரிகின்றன, தாவினால் விழுகின்றன. சுகிர்தாவின் அக்கா கனகா, தன் மகள் மின்னுவை இடுப்பில் கொடியைக் கட்டிக் கிளையோடு சேர்த்துப் பிணைத்து வைத்திருந்தாள்.

"ஐப்பசியில கூட்டம் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து மலைக்குப் போகணும்டி" என்றாள் கனகா. "இந்தப் பக்கம் ஒரு இலைகூட மிச்சம் இருக்காது. தாவ முடியாத குட்டியை யாரு தூக்கிக்கிட்டுத் தாவுவா? அது என்ன வாய்க்காலா? கீழே பார்த்தா அடியே தெரியல. இவளை விட்டுட்டு நான் போக மாட்டேன், சொல்லிட்டேன்."

"விட்டுட்டுப் போக வேணாம்க்கா. இது கால்ல வந்த கோளாறு இல்ல, உள்காதுல வந்தது. எந்தக் காதுன்னு கண்டுபிடிச்சா பயிற்சி கொடுத்தே சரி பண்ணிடலாம்."

"அப்போ பண்ணேன்!"

பண்ணுவதற்குச் சத்தம் புகாத ஓர் அறை வேண்டும். குட்டியை உட்கார வைத்து மெல்லச் சுழற்றிக் கண் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒரு சுழல் நாற்காலி வேண்டும். கல்லூரியில் இரண்டும் இல்லை. கல்லூரியில் இருந்ததெல்லாம் ஒரு கரும்பலகையும் ஒரு கரையான் புற்றும்தான். அந்தப் புற்றும் முதல்வர் அறையில் இருந்தது.

விண்ணப்பித்தாள். வால் சான்றிதழ் வாங்கவே ஒன்பது நாள் ஆயிற்று. வாலை அளந்த உடும்பு, அளவு நாடா போதவில்லை என்று பாதி வாலுக்குத்தான் சான்றிதழ் கொடுத்தது.

வைகாசியில் நேர்காணல். நல்கைக் குழுவின் தலைவர் ஏகாம்பரம் என்கிற யானை. முறம் போலக் காது, மலை போல உடம்பு, இருபது வருஷமாக அதே பதவி. பக்கத்தில் குழுவின் எழுத்தர் வேலாயுதம், மரங்கொத்தி. முத்திரை குத்துவது அவர் வேலை. டக், டக், டக் என்று தலைவரின் காதோரம் மேசையில் குத்திக்கொண்டே இருப்பார், காலையிலிருந்து சாயங்காலம் வரை.

முதலில் உள்ளே போனது ஒரு மயில். ஆய்வுத் தலைப்பு, "தோகை விரிப்பதால் காதுக்கு ஏற்படும் குளிர்ச்சி". மயில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடிக் காட்டிவிட்டு வந்துவிட்டது. உள்ளேயிருந்து தலைவர் "பலே! பலே!" என்று கத்தியது வாசல் வரைக்கும் கேட்டது.

அடுத்தது சுகிர்தா. பதினோரு குட்டிகளைப் பற்றிச் சொன்னாள், பள்ளத்தைப் பற்றிச் சொன்னாள், உள்காதின் வளையங்களைப் பற்றிச் சொன்னாள். மின்னுவைப் பற்றி மட்டும் இரண்டு தடவை சொன்னாள். நாற்பது நிமிஷம். தலைவர் கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து கனகாவிடம், "அக்கா, ஒரு வார்த்தை விடாம கவனிச்சாருக்கா!" என்று துள்ளினாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. "விண்ணப்பதாரர் நேர்காணலில் வாயே திறக்கவில்லை. மேலும் சுழல் நாற்காலி என்பது தலைவர் பதவிக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே உரியது. நிராகரிக்கப்படுகிறது." கீழே முத்திரை, இரண்டு தடவை குத்தியிருந்தது.

சுகிர்தாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! வாயே திறக்கவில்லையாம்! தொண்டைத் தண்ணி வற்றப் பேசினவளைப் பார்த்து! கடிதத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே தலைவர் எழுத்தரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா வேலாயுதம், வாய்க்குள்ளேயே பேசறே? சாப்பிடலையா?"

"கத்திக்கிட்டுத்தான் ஐயா இருக்கேன்!" என்று வேலாயுதம் கத்தினார். தலைவர் வேலாயுதத்தின் அலகையே உற்றுப் பார்த்து, தலையை வலப்பக்கம் சாய்த்து, இடக் காதை மட்டும் முன்னால் விரித்தார்.

"என்ன காலமோ! என் சின்ன வயசுல இந்தக் காடு எப்படிப் பேசும் தெரியுமா? குயில் கூவினா மலை அதிரும். இப்போ குயில் கூவறதே இல்லை. எல்லாம் முணுமுணுன்னு முணுமுணுக்குது. ஒழுக்கம் போச்சு."

குயில் அப்போது ஜன்னலில் உட்கார்ந்து கூவிக்கொண்டுதான் இருந்தது.

சுகிர்தாவுக்குக் கோபம் இறங்கிவிட்டது. உதட்டைப் பார்க்கிறார், தலையைச் சாய்க்கிறார், ஊர் முணுமுணுக்கிறது என்கிறார். இதெல்லாம் முதல் வருஷப் பாடம். நாற்பது நிமிஷமும் அவர் பார்த்தது அவள் கோப்பின் அட்டையைத்தான்! தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கோப்பை இடுக்கிக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, உண்மையைச் சொன்னாள். நல்ல பிள்ளைகள் அதைத்தானே செய்யும்?

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க காதை ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாமா?"

அவ்வளவுதான்.

"என் காதையா? ஏம்மா, இந்தக் காட்டுலேயே பெரிய காது யாரோடது? சொல்லு! முயலோடதா? என் காதுல ஒரு மடிப்புக்குள்ள நாலு முயல் குடியிருக்கலாம்! காது நிதி கொடுக்கிற குழுவுக்கே தலைவர் நான். எனக்கா காது கேக்காது?" தும்பிக்கையை நீட்டி வாசலைக் காட்டினார். வேலாயுதம் அவளைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே ஒரு முத்திரையைக் குத்தினார், எதன் மேல் என்று அவருக்கே தெரியாது.

வேறு கதையாக இருந்தால் இந்த இடத்தில் யானை குழியில் விழுந்து, எறும்பு வந்து காப்பாற்றி, எல்லோரும் திருந்தியிருப்பார்கள். இந்தக் காட்டில் குழி தோண்டுவதற்கு ஒப்பந்தப்புள்ளி இன்னும் முடிவாகவில்லை.

ஆடி பிறந்தது. மின்னு கொடியை அவிழ்த்துக்கொண்டு தாவி, விழுந்து, கையை முறித்துக்கொண்டாள். கனகா குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்த சுகிர்தாவும் அழுதாள். அழுதுகொண்டே வாகை மரத்தடிக்குப் போனால், அங்கே புது அறிவிப்பு. ஒதுக்கிய நிதியில் பாதி செலவாகவில்லையாம். செலவாகாவிட்டால் மேலிடம் கேள்வி கேட்குமாம். ஆகவே இரண்டாம் சுற்று.

சுகிர்தா வெகுநேரம் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு புதுப் படிவத்தில் தலைப்பை எழுதினாள்: "காட்டு விலங்குகளிடையே பெருகிவரும் முணுமுணுப்பு: காரணமும் தீர்வும்."

இந்தத் தடவை நேர்காணலுக்குக் கோப்பே எடுத்துப் போகவில்லை. பழக்க தோஷத்தில் கை தானாக வாய்க்குப் போனது; இரண்டு கையையும் வாலால் பின்னுக்குக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக, பல் தெரியப் பேசினாள்.

"ஐயா, இந்தக் காட்டுல யாரும் தெளிவாப் பேசறதில்ல."

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்படிச் சொல்லு!"

"இதை யாராவது ஆராய்ச்சி பண்ணியே ஆகணும்."

"இருபது வருஷமா நான் இதைத்தாம்மா சொல்றேன்! ஒரு பய கேக்கல!"

"அதுக்குச் சத்தம் புகாத அறை ஒண்ணு வேணும். முணுமுணுக்கிறவங்களை உட்கார வெச்சுச் சுத்திச் சுத்திக் கேள்வி கேக்கச் சுழல் நாற்காலி ஒண்ணு."

"ரெண்டா வாங்கிக்கோ!"

"அப்புறம், எவ்வளவு முணுமுணுக்கிறாங்கன்னு அளக்கறதுக்கு ஒரு தரமான காது வேணும். காட்டுலேயே சிறந்த காது. அதை வெச்சுத்தான் மத்தவங்க பேச்சை அளக்கணும். ஐயா மனசு வெச்சா..."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலாயுதத்தைப் பார்த்தார். வேலாயுதம் அப்போதே குத்திவிட்டிருந்தார்.

ஆவணியில் அறை வந்தது, நாற்காலி வந்தது. காலையில் குட்டிகள், மாலையில் தலைவர். குட்டிகளை ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்ததில், எந்தப் பக்கத்து உள்காது சோம்பிக் கிடக்கிறது என்று தெரிந்தது. பிறகு பயிற்சி. ஒரு அத்திப்பழத்தை எதிரே பிடித்து, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தாழ்ந்த கிளையில் நடக்க வேண்டும். மின்னு முதல் வாரம் அத்திப்பழத்தைத் தின்றுவிட்டு அழுதாள். இரண்டாம் வாரம் அழாமல் தின்றாள். ஐந்தாம் வாரம் தலையை ஆட்டி முடித்த பிறகு தின்றாள். கனகா கொடியை அவிழ்த்துத் தூர எறிந்தாள்.

மாலையில் தலைவர் கம்பீரமாக வந்து அறையில் உட்காருவார். சுகிர்தா வாயை மறைத்துக்கொண்டு சொற்களைச் சொல்வாள். "பார்த்தியா, இவளும் முணுமுணுக்கிறா, நல்லா எழுதிக்கோ" என்பார். அவளும் எழுதிக்கொள்வாள். எழுதினது அவர் காதின் கணக்கு.

புரட்டாசியில் அலுவலகத்தில் விழா எடுத்தார்கள். காட்டின் தரமான காதுக்கு விருது. விருது காதுக்கு ஒன்று, பலாக்கொட்டை அளவில் பளபளவென்று இருந்தது. அதைக் காதுக்குள்தான் அணிய வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம் என்று சுகிர்தா மேடையில் அறிவித்தாள். காது மெஷின் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. தலைவர் இரண்டு காதிலும் விருதை மாட்டிக்கொண்டார். ஜன்னல் பக்கமாகத் திரும்பினார்.

"குயில் கூவுது" என்றார்.

குயிலுக்கு நேரே இரண்டு காதையும் விரித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் எனக்கு அவர் மேல் பிரியம்தான். அடுத்த நிமிஷம் தும்பிக்கையைத் தூக்கி முழங்கினார்: "கேட்டீங்களா! ஆராய்ச்சின்னா இது ஆராய்ச்சி! ரெண்டே மாசத்துல காடு திருந்திடுச்சு பாருங்க! யோவ் வேலாயுதம், என்னய்யா இவ்வளவு சத்தமாக் குத்தறே, மெதுவாக் குத்து!"

ஐப்பசியில் கூட்டம் பள்ளத்தைத் தாண்டியது. பெரியவர்கள் தாவினார்கள். பிறகு குட்டிகள், பத்து. கடைசியில், முறிந்த கையும் கூடிவிட்ட மின்னு விளிம்பில் நின்றாள். எதிரே கனகா ஒரு அத்திப்பழத்தைத் தூக்கிப் பிடித்தாள். மின்னு அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தாவினாள், வந்து சேர்ந்தாள், தின்றாள். கனகா மகளையும் தங்கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

இறுதி அறிக்கை தொண்ணூறு பக்கம். பதினோரு குட்டிகள் குணமான விஷயம் எண்பத்தேழாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக இருக்கிறது. இதுவரை யாரும் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை.

மறு வருஷம் கூட்டம் திரும்பி வந்தபோது, வாகை மரத்தில் புது அறிவிப்பு இருந்தது. நல்கையின் பெயர் மாறியிருந்தது: "முணுமுணுப்பு ஒழிப்பு நல்கை". அடியில் ஒரு வரி: "இக்காட்டில் யாருக்கும் காதில் குறை இல்லை என்று ஆராய்ச்சியில் நிரூபணமாகிவிட்டதால், காது தொடர்பான விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா." ஆராய்ச்சி யாருடையது என்றும் போட்டிருந்தது. சுகிர்தா தன் பெயரைப் படித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பின்னால் ஒரு புள்ளிமான் படிவத்தோடு விசும்பிக்கொண்டு நின்றது. செவியியல் இரண்டாம் வருஷமாம். அதன் கூட்டத்தில் வரவர யாருக்கும் காது சரியாகக் கேட்பதில்லையாம். போன மாசம் மட்டும் நாலு பேரைப் புலி கொண்டுபோய்விட்டதாம்.

"தலைப்பு என்ன போட்டிருக்கே?" என்று சுகிர்தா கேட்டாள்.

"'புள்ளிமான்களிடையே செவித்திறன் குறைபாடு'ங்க அக்கா. வாங்கவே மாட்டேன்னுட்டாங்க."

சுகிர்தா சுற்றுமுற்றும் பார்த்தாள். படிவத்தை வாங்கி, தலைப்பை அடித்து, புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்தாள்: "புலிகள் ஏன் சத்தம் போட்டு நடப்பதில்லை?"

மூன்றாம் நாளே நிதி வந்துவிட்டது. சுழல் நாற்காலி வேறு, கேட்காமலே.

நீதி: காது கேட்காத தலைவரிடம் போய் அவர் காதைக் குறை சொல்லாதே, உலகத்தின் வாயைக் குறை சொல்லி மூன்று பிரதி எடுத்துக் கொடு. வாலுக்குச் சான்றிதழ் மறக்காதே.