பனம்பழத் தண்ணி போன வழி

ஓமடி பிள்ளை, மற்றவையைச் சொல்லி என்ன, என்ரை மூத்தவளின்ரை கலியாணத்தைக் குழப்பப் பாத்தது நான்தான்.

உந்தா, வேலிக்கரைக் கல்லிலை ஒரு வெடிப்புத் தெரியுதெல்லே? எத்தினை வாளி ஊத்தினாலும் மடக்கெண்டு குடிச்சுப்போடும். எனக்கெண்டால் பெரிய புளுகமும் பெருமையும். (வாய்க்கால் வெட்டாமல் கழிவுத்தண்ணி போறதெண்டால் சும்மாவே?) பூமாதேவி எனக்கெண்டு வாயைத் திறந்து வைச்சிருக்கிறா எண்டு ஊரெல்லாம் கதைச்சுத் திரிஞ்சன்.

அது சவுக்காரம் வராத காலம். பனம்பழத்தைப் பிசைஞ்சுதான் உடுப்புத் தோய்ப்பம். நாலு வளவு தள்ளியிருந்த மாப்பிளை வீட்டார் பின்னேரம் முடிவு சொல்ல வருகினம் எண்டு, விடியவே சீலை, வேட்டி, கதவுச்சீலை எல்லாம் தோய்ச்சுத் தள்ளினன். சருவம் சருவமா மஞ்சள் தண்ணி, நுரையோடை, வெடிப்புக்குள்ளை!

மத்தியானம் மாப்பிளையின்ரை தேப்பன் வாறார். கிணறு வெட்டுற மனிசன். கையிலை செம்பு. நிலத்தைப் பாத்துப் பாத்து, குனிஞ்சு குனிஞ்சு வாறார். பின்னாலை பெண்சாதி.

"உது உங்கடை வேலையோ?" எண்டு செம்பை நீட்டுறார்.

செம்புக்குள்ளை அவையின்ரை கிணத்திலை அள்ளின தண்ணி, மஞ்சளா. பனம்பழ வாசம். நான் கடைசிச் சருவத்தைச் சரிச்ச கையோடை நிக்கிறன்!

"ஊத்தைத்தண்ணி குடிக்கத் தந்த வீட்டிலையோ பொம்பிளை எடுக்கிறது?" எண்டு அவ கத்திறா. உள்ளுக்கை மகள் விம்முற சத்தம் கேக்குது.

மனிசன் எங்களைப் பாக்கவேயில்லை. முழங்காலிலை நிண்டு வெடிப்புக்குள்ளை கையை விட்டுத் தடவிப்போட்டுப் பெண்சாதியைக் கூப்பிடுறார்.

"இஞ்சை பாரப்பா! கல்லுப் பிளந்து ஒரு பக்கம் பதிஞ்ச கோடு. எங்கடை கிணறு, கோயில் கேணி, பள்ளக்காணி, அந்த ஆலமரம், எல்லாம் இந்த நேரிலைதான். எங்கடை ஊத்து எங்கையிருந்து வருதெண்டு எத்தினை வருசமாத் தேடுறன். சம்மந்தி ஒரு காலமையிலை காட்டிப்போட்டா!"

என்னைச் சம்மந்தி எண்டு சொன்னார், கேட்டியே! எனக்குப் போன உயிர் திரும்பி வந்திது. அண்டைக்குத்தான் நானும் ஊரை வடிவாப் பாத்தன். கீழை ஆரோ கோடு கீறி, அதுக்கு மேலை மரத்தையும் தண்ணியையும் அடுக்கி வைச்ச மாதிரி. என்ன அதிசயமடி!

(மாப்பிளையின்ரை தாய் சிரிச்சது, மூண்டு நாள் நான் போய் அவையின்ரை கிணறு இறைச்சுக் குடுத்தாப் பிறகுதான்.)

இண்டைக்கும் தேத்தண்ணி கொஞ்சம் நிறம் மாறினால் போதும், "மாமி தோய்க்கிறா போலை" எண்டு மருமோன்...

எடி எடி, அந்தச் சருவத்தை உந்த வெடிப்புக்குள்ளை சரிக்காதை! கொண்டா, நான் வாழையடிக்கு ஊத்திப்போட்டு வாறன்.